கையெழுத்துக்கு முன்னால் கொடுத்த காசு

வீடு பிடித்துவிட்டது. ஒப்பந்தம் போட இன்னும் ஒரு வாரம் ஆகும். "அதுவரைக்கும் வேறு யாருக்கும் கொடுத்துடாதீங்க" என்று சொல்லி ஒரு தொகையை வீட்டுக்காரர் கையில் வைக்கிறார்கள். சென்னையில் இதற்குப் பெயர் டோக்கன் அட்வான்ஸ். லண்டனில் ஹோல்டிங் டெபாசிட். கையெழுத்துப் போடுவதற்குள் மனசு மாறிவிட்டால் அந்தப் பணம் யாருக்குச் சொந்தம்? இந்தக் கேள்விக்கு ஈராயிரம் வருடத்துக்கு மேல் வயதாகிறது!

பழைய தமிழில் இதற்கு நல்ல சொல் ஒன்று உண்டு: அச்சாரம். மாட்டு வியாபாரத்திலும் நிலம் வாங்குவதிலும் புழங்கிய சொல். மேற்கே இதே பொருளில் ஒரு சொல் நாடு நாடாகப் பயணம் செய்திருக்கிறது. எபிரேயத்தில் ஏராவோன், கிரேக்கத்தில் அர்ரபோன், லத்தீனில் அர்ரா, பிரெஞ்சில் இன்றைக்கும் அர். வியாபாரிகளோடு கப்பலேறிப் போன சொல் என்பது பார்த்தாலே தெரிகிறது. பைபிளைத் தமிழாக்கியவர்கள் பவுலின் கடிதங்களில் வரும் அர்ரபோனை 'அச்சாரம்' என்றே எழுதினார்கள். அதைவிடப் பொருத்தமான சொல் அவர்களுக்குக் கிடைத்திருக்காது.

சரி, பணம் யாருக்கு? கி.பி. 533-ல் ரோமப் பேரரசர் ஜஸ்டினியன் வெளியிட்ட சட்டப் பாடநூல் விற்பனை விஷயத்தில் இதற்கு நேரடியாகப் பதில் சொல்கிறது. அச்சாரம் கொடுத்தவர் பின்வாங்கினால் கொடுத்தது போச்சு. வாங்கியவர் பின்வாங்கினால் இரண்டு மடங்காகத் திருப்பித் தரவேண்டும். ஒப்பந்தம் எழுத்தில் இருந்தாலும் சரி, வாய்ப்பேச்சாக இருந்தாலும் சரி. இந்தியாவில் யாக்ஞவல்கிய ஸ்மிருதியும் சத்யங்காரம் என்று வாங்கிய பணத்தை இரட்டிப்பாகத் திருப்பவேண்டும் என்கிறது. நெப்போலியன் காலத்து 1804-ம் ஆண்டு பிரெஞ்சுச் சட்டத்தின் 1590-வது பிரிவிலும் இதே கணக்குதான். அதாவது, ஏமாற்றம் இரண்டு பக்கமும் ஒரே அளவு. கொடுத்தவருக்கு நஷ்டம் நூறு என்றால் வாங்கியவருக்கும் கைக்காசு நூறு போகும். இதைவிட நேர்மையான ஏற்பாட்டை யோசிப்பது கஷ்டம்.

இங்கிலாந்து மட்டும் வேறு வழியில் போனது. 1677-ல் மோசடிகளைத் தடுக்க ஒரு சட்டம் வந்தது. பத்து பவுண்டும் அதற்கு மேலும் விலையுள்ள சரக்கு என்றால், எழுத்து இல்லாவிட்டாலும் அச்சாரக் காசு ஒன்று கைமாறியிருந்தால் போதும், வியாபாரம் செல்லும். ஆனால் நிலம், வீடு என்று வந்துவிட்டால், எழுத்தும் கையெழுத்தும் இல்லாமல் ஒப்பந்தத்தின் பேரில் வழக்குப் போட முடியாது. ஒரு மூட்டை கம்பளியைக் கட்டிப்போட முடிந்த காசுக்கு ஒரு வீட்டைக் கட்டிப்போடும் சக்தி இல்லாமல் போனது!

இதன் முழு விளைவு தெரிய ரொம்ப நாள் ஆனது. சில்லிங்வொர்த் எதிர் எஷ் என்ற வழக்கு 1924-ம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் இருக்கிறது. நாற்றுப் பண்ணை நிலம் ஒன்றை 4,800 பவுண்டுக்கு வாங்குவதாகப் பேசி 240 பவுண்டு கட்டினார்கள். "முறையான ஒப்பந்தம் தயாராவதற்கு உட்பட்டு" என்று அந்தக் காகிதத்தில் ஒரு வரி இருந்தது. ஒப்பந்தம் தயாரானது. விற்பவர் கையெழுத்தும் போட்டுவிட்டார். வாங்குபவர்கள் மாட்டேன் என்று விட்டார்கள், காரணம்கூடச் சொல்லவில்லை. கீழ் நீதிமன்றம் பணம் திரும்பாது என்றது. மேல்முறையீட்டு நீதிமன்றமோ, ஒப்பந்தமே பிறக்கவில்லை, அப்புறம் எதை மீறியதற்குப் பணத்தைப் பிடித்து வைப்பது என்று கேட்டு 240 பவுண்டையும் திருப்பித் தரச் சொன்னது. அது விற்பனை வழக்குதான். ஆனால் வாடகைக்கும் அதே தர்க்கம் பொருந்தும்.

வாடகைக்கு வருபவருக்கு இது பெரிய பாதுகாப்பாகத் தோன்றும். நடைமுறை அப்படி இல்லை. பணம் ஏற்கெனவே ஏஜென்ட் கையில் இருக்கிறது. "நிர்வாகச் செலவு" என்று கழித்துக்கொண்டால், இருநூறு முந்நூறு பவுண்டுக்காகக் கோர்ட்டுக்கு யார் அலைவது? கையில் வைத்திருப்பவன் பக்கம்தான் எப்போதும் பலம்.

2019 ஜூன் 1 முதல் இங்கிலாந்தில் நடைமுறைக்கு வந்த வாடகைதாரர் கட்டணச் சட்டம் இந்த இடத்தில்தான் கைவைத்தது. ஹோல்டிங் டெபாசிட் ஒரு வார வாடகைக்கு மேல் போகக்கூடாது. ஒரே வீட்டுக்கு ஒரே நேரத்தில் இரண்டு பேரிடம் வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது. இருவரும் எழுத்தில் வேறு தேதி பேசிக்கொள்ளாவிட்டால் 15 நாளுக்குள் முடிவு தெரியவேண்டும். முடியவில்லை என்றால் ஏழு நாளில் பணம் திரும்பவேண்டும். பிடித்து வைப்பதென்றால் காரணத்தை அதே ஏழு நாளுக்குள் எழுத்தில் தரவேண்டும்; தராவிட்டால் முழுப் பணத்தையும் திருப்பவேண்டும். அந்தக் கடைசி விதிதான் இந்தச் சட்டத்தின் பல் என்று சொல்லலாம். தராமல் இழுத்தடித்தால் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், உள்ளூர் நிர்வாகம் 5,000 பவுண்டு வரை அபராதமும் போடலாம்.

ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. பிடித்து வைக்கக்கூடிய காரணங்களில் முக்கியமானது, வாடகைக்கு வருபவர் தானாகவே பின்வாங்குவது. சில்லிங்வொர்த் வழக்கின் தீர்ப்பு தந்த, காரணம் சொல்லாமலே விலகும் சுதந்திரம் இங்கே சுருங்கிவிட்டது. பொய்த் தகவல் கொடுத்தாலும் பணம் போகும். இங்கிலாந்தில் வாடகைக்கு இருக்கும் குடியேற்ற உரிமை இல்லை என்று தெரிந்தாலும் போகும். வீட்டுக்காரர் பின்வாங்கினால்? வாங்கியதைத் திருப்பிக் கொடுத்தால் முடிந்தது. இரட்டிப்பு என்ற பேச்சே இல்லை.

மாதம் 1,300 பவுண்டு வாடகை என்று வைத்துக்கொண்டால் வார வாடகை 300. வாடகைக்கு வருபவர் மனசு மாறினால் அந்த 300 பவுண்டும் போகலாம். வீட்டுக்காரர் மனசு மாறினால் அதே 300 திரும்பி வரும். அதற்குள் கைவிட்டுப்போன வேறு வீடுகள் வராது. ஜஸ்டினியனின் விற்பனை விதியை இதற்குப் பொருத்தினால் வரவேண்டியது 600.