பூஞ்சணம் செத்தாலும் நஞ்சு சாகாது

கச்சானில கொஞ்சம் பூஞ்சணம் பிடிச்சிருந்தால் "வறுத்தால் எல்லாம் செத்துப்போகும்" எண்டு எங்கட வீடுகளில சொல்லுவினம். பூஞ்சணம் சாகும், உண்மைதான். அது விட்டுப்போன நஞ்சு? இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு இருக்கு.

1960இல் இங்கிலாந்தில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் சில மாதங்களுக்குள் செத்துப்போயின. காரணம் தெரியாததால் நோய்க்கு 'வான்கோழி எக்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். தேடிப்போனபோது தடயம் போய் நின்றது, பிரேசிலில் இருந்து வந்த கச்சான் பிண்ணாக்கில். அஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூஞ்சணம் அதில் நஞ்சை விட்டிருந்தது. அந்தப் பெயரைச் சுருக்கித்தான் 'அஃப்லடொக்சின்' என்ற சொல் வந்தது.

எண்ணெய் பிழிந்த ஆலைச் சூடும் நீண்ட கடற்பயணமும் அந்த நஞ்சை அழிக்கவில்லை. அதன் கொடிய வகையான பி1 சிதைவதற்கு ஏறத்தாழ 268 பாகை செல்சியஸ் வேணும். எங்கட உலைத்தண்ணி கொதிக்கிறது 100இல். வறுத்தால் ஒரு பகுதி குறையும், முழுசாப் போகாது.

பிறகு ஆய்வாளர்கள் காரத்தின் பக்கம் போனார்கள். அமோனியாவோடு அழுத்தத்தில் சூடாக்கினால் நஞ்சு மூலக்கூறின் ஒரு வளையம் திறந்து சிதையும். செனகலின் கச்சான் பிண்ணாக்கும் அரிசோனாவின் பருத்திவிதையும் இப்படிச் சுத்தப்படுத்தப்பட்டன, ஆனால் கால்நடைத் தீவனமாகத்தான். மெக்சிகோவில் சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணியில் அவிக்கும் பழைய முறையும் நஞ்சைக் குறைக்கும். அது அரைகுறையாக நடந்தால், திறந்த வளையம் வயிற்று அமிலத்தில் திரும்ப மூடிக்கொள்ளும்!

1974இல் ராஜஸ்தான், குஜராத் கிராமங்களில் மழையில் நனைந்த சோளத்தைச் சாப்பிட்டு 100 பேருக்கு மேல் இறந்தார்கள். 2004இல் கென்யாவில் 317 பேர் பாதிக்கப்பட்டு 125 பேர் இறந்தார்கள். இரண்டு இடத்திலும் அவர்கள் சோளத்தைச் சமைத்துத்தான் சாப்பிட்டார்கள். இதை வெறும் அறியாமை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பஞ்சத்தில் வீட்டில இருக்கிறதைத்தானே சாப்பிட ஏலும்?

2021இல் இறக்குமதித் தேங்காய் எண்ணெய்ப் பிரச்சினையோட இந்தப் பெயர் எங்கட நாட்டிலும் அடிபட்டது. எண்ணெயைக் காரத்தால் சுத்திகரித்தால் நஞ்சு பெரும்பாலும் நீங்கும். அது ஆலையில் நடக்கவேண்டிய வேலை, அடுப்பில் நடக்காது. கொப்பறாவையும் கச்சானையும் நல்லாக் காயவைப்பது, ஈரம் படாமல் சேமிப்பது, துறைமுகத்தில் சோதிப்பது எல்லாம் சமையலுக்கு முதல் நடக்கவேண்டியவை. அங்கே விட்ட பிழையைச் சமைக்கிற ஆளின் தலையில கட்டுறது நியாயமில்லை.