பந்து உருண்ட பாதை – 19: ஜகார்த்தாவில் நின்ற தங்கராஜ்

இந்திய அணியின் பயிற்சியாளர் ரஹீம் சாகிப்பின் கடைசி நாட்களை இந்த வாரம் சொல்வதாகச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். 1963-க்குப் பிறகு இந்தியக் கால்பந்து ஏன் சரிந்தது என்ற கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது. ஆனால் ஜகார்த்தாவைத் தாண்டாமல் அங்கே போய்ச் சேர முடியாது. ஜகார்த்தா என்றால் என் கண் முன்னால் வந்து நிற்பவர் கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜ்.

1962 செப்டம்பர் 4. செனாயன் ஸ்டேடியம். ஆசிய விளையாட்டுப் போட்டியின் இறுதி ஆட்டம், எதிரே தென்கொரியா. இஸ்ரேலையும் தைவானையும் இந்தோனேசியா உள்ளே விடாததைத் தட்டிக் கேட்டவர் நம் விளையாட்டு நிர்வாகி ஜி.டி. சோந்தி. கேட்டதில் ஒரு தப்பும் இல்லை என்பேன். அதனால் இந்தோனேசியர்களுக்கு வந்த கோபத்தில் இந்தியத் தூதரகத்தின் மீது கல் விழுந்தது. மைதானத்தில் நம் தேசிய கீதம் கூச்சலில் அமுங்கிப் போனது. அவ்வளவு பெரிய கூட்டத்தில் நமக்காகக் கை தட்டியது பாகிஸ்தான் ஹாக்கி அணி!

தங்கராஜுக்குக் காய்ச்சல். அவர் படுத்திருந்தபோது கோல் காத்தவர் பிரத்யுத் பர்மன். ஜெயித்து வந்த அணியில் கை வைக்க எந்தப் பயிற்சியாளருக்கும் மனசு வராது. ரஹீம் கை வைத்தார். கொரியர்கள் பந்தை உயரத் தூக்கி அடித்துத் தலையால் முட்டுகிறவர்கள். அவர்களைச் சமாளிக்க உயரம் வேண்டும். ஆறடிக்கு மேல் வளர்ந்த தங்கராஜைப் படுக்கையிலிருந்து எழுப்பிக் கொண்டுவந்து நிறுத்தினார். தலையில் தையலோடு இருந்த ஜர்னைல் சிங்கைப் பின்வரிசையிலிருந்து எடுத்து முன்னால் அனுப்பினார். 17-வது நிமிடத்தில் பி.கே. பானர்ஜி ஒரு கோல், 20-வது நிமிடத்தில் ஜர்னைல் ஒரு கோல்.

மிச்ச நேரம் முழுக்கத் தங்கராஜுடையது. கோல்கீப்பருக்கு உயரப் பந்துதான் சோதனை. ஓரத்திலிருந்து பந்து மிதந்து வரும். நாலு பேர் தோளோடு தோள் இடித்துக்கொண்டு எம்புவார்கள். கோட்டிலேயே நிற்பதா, கும்பலைப் பிளந்துகொண்டு வெளியே வருவதா என்று ஒரு கண் சிமிட்டலுக்குள் தீர்மானிக்க வேண்டும். பாதி வழியில் தயங்கினால் கதை முடிந்தது. அன்றைய தோல் பந்து இன்றைய பந்து போல இல்லை. ஈரம் பட்டால் கனத்துப்போகும். காய்ச்சல் உடம்போடு அந்த வேலையைச் செய்தவரை 85-வது நிமிடத்தில் கொரியா ஒரு முறை ஏமாற்றியது. அதோடு சரி. 2–1. ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் நாம் கடைசியாகத் தங்கம் தொட்டது அன்றுதான்.

தங்கராஜ் 1935-ல் ஹைதராபாத்தில் பிறந்த தமிழர். ராணுவத்தில் சேர்ந்து வெலிங்டன் மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர் அணிக்கு வந்தபோது அவர் சென்டர் ஃபார்வர்டு. கோல் போட வந்தவரைக் கோல் காக்க நிறுத்திய புண்ணியவானுக்கு ஒரு சிலை வைக்கலாம். 1955-லும் 1958-லும் அந்த அணி டியூராண்ட் கோப்பையைத் தூக்கியது. பிறகு கல்கத்தா. முகமதன், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் என மூன்று பெரிய கிளப்புகளுக்கும் ஆடினார். 1967-ல் அர்ஜுனா விருது.

2008 நவம்பர் 24-ம் தேதி பொகாரோவில் அவர் இறந்தார். வயது 72. இரண்டே நாளில் மும்பையில் துப்பாக்கிகள் வெடித்தன. அதே வாரம் 'நிஷா' புயல் காரைக்கால் அருகே கரையேறி, தமிழ்நாடே வெள்ளத்தில் நின்றது. ஒரு பழைய கோல்கீப்பருக்காக அழ இங்கே யாருக்கு நேரம்? இப்படிப் பெரிய செய்திகளுக்கு அடியில் புதைந்துபோன இன்னொரு ஆட்டக்காரர், வந்தவாசிக்காரர் பூங்கம் கண்ணன். ஜெர்மன் பயிற்சியாளர் டெட்மார் கிராமர் 'ஆசியாவின் பெலே' என்று கொண்டாடியவர். அவர் கொல்கத்தாவில் கண்ணை மூடியது 2019 ஏப்ரல் 21. கொழும்பில் ஈஸ்டர் குண்டுகள் வெடித்த அதே ஞாயிறு. காலம் இந்த இருவரையும் இப்படியா வஞ்சிக்க வேண்டும்?

காலத்தின் மீது மட்டும் பழி போட்டுத் தப்பிக்கவும் நான் தயாரில்லை. கொல்கத்தா தன் பந்தாட்டத் துக்கத்தை மறப்பதில்லை. 1980 ஆகஸ்ட் 16-ல் ஈடன் கார்டன்ஸ் நெரிசலில் 16 ரசிகர்கள் செத்தார்கள். இன்றும் அந்தத் தேதியில் அவர்கள் நினைவாக ரத்த தானம் நடக்கிறது. ஆஸ்திரேலியாவைப் பாருங்கள். கையாலும் காலாலும் ஆடும் அவர்கள் ஊர்க் கால்பந்தின் வீரர் டெட் விட்டன், புற்றுநோயில் பார்வை போன நிலையில், 1995 ஜூனில் திறந்த காரில் மெல்போர்ன் கிரிக்கெட் மைதானத்தை ஒரு சுற்று வந்தார். பக்கத்தில் மகன். ஸ்டேடியமே எழுந்து நின்று அழுதது. இரண்டு மாதத்தில் அவர் போனார். அரசு மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். அந்த மைதானத்துக்கும் நமக்கும் ஒரு உறவு உண்டு. 1956 ஒலிம்பிக்கில் வெண்கலத்துக்காக பல்கேரியாவிடம் நாம் 0–3 என்று தோற்றது அங்கேதான், டிசம்பர் 7-ம் தேதி. அதே நாள் அதே புல்லில் ஆஸ்திரேலியக் கால்பந்தையும் உலகத்துக்கு ஆடிக் காட்டினார்கள். அந்த இந்திய அணியில் தங்கராஜும் இருந்தார்.

எங்கள் ஆரம்பாக்கம் ஸ்டேஷனில் நிற்காமல் ஓடும் வண்டிகளில் ஒன்று தன்பாத்–ஆலப்புழா எக்ஸ்பிரஸ். பழைய ஆட்களுக்கு அது பொகாரோ எக்ஸ்பிரஸ். தங்கராஜ் கடைசியாகக் கண்ணை மூடிய ஊரை இந்தத் தண்டவாளம் எங்கள் வாசலோடு கட்டி வைத்திருக்கிறது. அந்த ஜார்க்கண்ட் பக்கத்துப் பிள்ளைகள் இன்று கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் இரும்பு உருட்டாலைகளில் வேலை செய்கிறார்கள். ஞாயிறு மாலை லுங்கியை மடித்துக் கட்டி, இரண்டு செங்கல்லை கோல் போஸ்ட்டாக வைத்து ஆடுகிறார்கள். நம் பையன்களும் சேர்ந்துகொள்கிறார்கள். யாருக்கும் தங்கராஜைத் தெரியாது. எப்படித் தெரியும்? பள்ளிப் புத்தகத்தில் நாம் அவரை வைத்தோமா? 2024-ல் 'மைதான்' என்று ஒரு இந்திப் படம் வந்துதான் ஜகார்த்தாவைப் பலருக்கு ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது. நவம்பர் 24-ல் இந்த ஊரில் அவர் பெயரில் ஒரு ஆட்டம் நடத்த வேண்டும் என்பது என் ஆசை. ஒரு பந்தும் ஒரு மாலையும் போதும். கூட ஆட ஜார்க்கண்ட் பிள்ளைகளே இருக்கிறார்கள்.

இனி ரஹீம். ஜகார்த்தாவில் தன் ஆட்டக்காரர்களிடம் அந்தத் தங்கத்தைக் கேட்டு வாங்கியபோதே புற்றுநோய் அவருக்குள் குடியேறியிருந்தது. ஒன்பது மாதம் தாண்டிச் சில நாள்தான். 1963 ஜூன் 11-ம் தேதி போய்விட்டார். இந்திய அணியை அவரிடமிருந்து கையில் வாங்கியவர்கள் அதை என்ன செய்தார்கள் என்பதை அடுத்த வாரம் விரிவாக எழுதுகிறேன்.

(தொடரும்)