அருகிருந்து பேணுவார் யார்?

கொச்சியில் தேவராப் பகுதியில் தனி அறையில் வாழும் தமிழர் ஒருவருக்கு இருமுனை மனநோய் கண்டால், அருகிருந்து பேணுவார் யார்? தாய் தஞ்சையில், தமையன் மும்பையில். புறத்தே வாழும் நம் அனைவர்க்கும் உரிய வினா இது.

சில வாரம் உறக்கமின்றிக் களித்து, கையிருப்பை வாரி இறைத்து, பின்னர்ச் சோர்ந்து பாயைவிட்டு எழாமற் கிடப்பவரைப் பைத்தியம் என்றே ஊரார் ஒதுக்கினர். சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் 1871இல் மனநோய் மருத்துவமனை எழுந்தது. நோயாளியை உள்ளே விட்டு உறவினர் வீடு திரும்புவதே அக்கால வழக்கம்.

அவ்வழக்கத்தை மாற்றத் துணிந்தவர் அமிர்தசரஸ் மனநோய் மருத்துவமனையின் டாக்டர் வித்யா சாகர். 1950களின் தொடக்கத்தில், மருத்துவமனை வளாகத்திலேயே கூடாரங்கள் அடித்து, நோயாளியோடு குடும்பத்தாரையும் தங்கச் செய்தார். வேலூரை அடுத்த பாகாயத்தில், கிறித்துவ மருத்துவக் கல்லூரி 1957இல் தொடங்கிய மனநல மையமும் இம்முறையைக் கைக்கொண்டது. உடன் தங்கியோர் செவிலியரிடம் பேணும் வகையைக் கற்றனர். நோய் திரும்புவதற்குத் தலையாய அறிகுறி உறக்கம் குறைதலே. சோர்வுக் காலத்திலோ, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழாதபடி காத்தல் வேண்டும்.

ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் 1949இல் லித்தியத்தின் பயனை வெளியிட்டார். நன்மருந்துதான், ஆயினும் உடலில் உப்பும் நீரும் குறைந்தால் இரத்தத்தில் மிகுந்து நஞ்சாகும். கொச்சிப் புழுக்கத்தில் வயிற்றுப்போக்குக் கண்டு, கைநடுக்கமும் மிகுமாயின், உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்ல ஓராள் வேண்டாமா?

பக்கத்து வீட்டு மலையாள அம்மையார் அழைத்துச் செல்வார், அலுவலகத் தோழரும் செல்வார். அவர்களிடம் நோயைச் சொல்லத்தான் நாம் கூசுகிறோம். மருத்துவர் பெயரும் மருந்தின் அளவும் எழுதிய சீட்டு நம் பெட்டியடியில் அன்று, அவர்கள் கையில் இருத்தல் வேண்டும்.