வேண்டுதலும் கணக்கும்

கொல்லிமலையில் 1913 முதல் பணியாற்றிய ஜெஸ்ஸி, எவலின் பிராண்ட் என்ற மிஷனரித் தம்பதியர் நோயாளிக்கு மருந்தும் கொடுத்தனர், ஜெபமும் செய்தனர். குணமாக்கியது எது என்று பிரித்தறிய அங்கே வழியில்லை. 1929-இல் ஜெஸ்ஸியே காய்ச்சலில் இறந்தார்.

பிரித்தறியும் முயற்சி பழையது. நாடே வேண்டிக்கொள்ளும் அரசர்கள் நீண்டநாள் வாழவில்லை என்று 1872-இல் பிரான்சிஸ் கால்ட்டன் எழுதினார். குறும்பான வாதம், சோதனை அல்ல. 1988-இல் ராண்டால்ஃப் பேர்டு 393 இதய நோயாளிகளிடம் வேண்டுதலால் ஓரளவு பலன் கண்டார். 2006-இல் இதய அறுவை செய்துகொண்ட 1,802 பேரிடம் நடந்த அமெரிக்க ஆய்வு அதை உறுதிசெய்யவில்லை. வேண்டுதல் பெற்றும் அதை உறுதியாக அறியாதவர்களில் 52 சதவீதத்தினருக்கும், பெறாதவர்களில் 51 சதவீதத்தினருக்கும் அறுவைக்குப்பின் சிக்கல் வந்தது. தமக்காக ஜெபம் நடப்பதை அறிந்தவர்களிலோ 59! இத்தகைய முடிவுகளுக்குப் பொருள்கொள்வதிலுள்ள இடர்களை 2009-இல் ஆண்ட்ராடே, ராதாகிருஷ்ணன் இருவரும் இந்திய மனநல மருத்துவ இதழில் விரிவாக அலசினர்.