அரியணையும் தலையணையும்

சரித்திரம் எழுதினோர் அரியணையைப் பற்றி ஆயிரமாயிரம் ஏடுகள் எழுதினர். எவன் ஏறினான், எவன் இறங்கினான், எவன் எவனைத் தள்ளினான் என்பனவெல்லாம் ஆண்டும் திங்களும் பிசகாமல் நமக்குக் கிடைக்கின்றன. தலையணையைப் பற்றி எழுதினோரோ மிகச் சிலர். அரியணையில் அமர்ந்தவர் தலைமுறைக்கு ஒருவர். தலையணையில் சாய்ந்தவர் கோடானு கோடி மாந்தர். வாழ்நாளில் மூன்றில் ஒரு பங்கு உறக்கத்திற் கழிகின்றது எனக் கொண்டால், 60 வயது வாழ்ந்த ஒருவன் 20 ஆண்டுக் காலம் தன் கழுத்தை ஒரு பொருளிடம் ஒப்படைத்திருந்தான் என்பது கணக்கு. அப்பொருள் எவ்வளவு உயரம் இருத்தல் வேண்டும் என்று நம்மில் எத்தனை பேர் சிந்தித்தோம்?

திசையைப் பற்றி நமக்குக் கவலையுண்டு. வடக்கே தலை வைத்துப் படுப்பவனைப் பாட்டிமார் தட்டி எழுப்பித் திருப்பிக் கிடத்துவர். தலையணைமேல் உட்கார்ந்தால் பின்புறத்திற் கட்டி புறப்படும் என்று அண்டை வீட்டு மலாய்க் கிழவியர் பேரப் பிள்ளைகளை அதட்டுவர். மனைவி சொல் கேட்பவனைக் கண்டால் ‘தலையணை மந்திரம்’ என்று ஊரார் நகைப்பர். இவ்வளவு பேசும் உலகம் அதன் உயரத்தைப் பற்றி மட்டும் வாய் திறப்பதில்லை.

இது அற்ப விஷயம் என்று தள்ளுவோர் இருப்பர். அவர் பொருட்டு ஒன்று சொல்லுவோம். நாம் தோட்டத்தில் செக்ரோல் எழுதும் தொழிலினோம். கழுத்துப் பிடித்துக்கொண்டது, திரும்ப முடியவில்லை என்று ஒருவர் வேலைக்கு வாராது நிற்பின், அன்றைய கட்டத்தில் அவர் பெயருக்கு நேரே கோடு விழுகின்றது. அன்றைய கூலியும் போகின்றது. பால்மரம் வெட்டுவோர் குனிந்து வெட்டுகின்றனர். செம்பனைக் குலை அறுப்போர் நீண்ட கழியிற் பூட்டிய அரிவாளுடன் அண்ணாந்து நிற்கின்றனர். பத்து பெரண்டாம் சுதந்திர வர்த்தக வட்டாரத்துத் தொழிற்சாலைகளில் நம் பெண்கள் நுண்ணிய மின்கருவிப் பாகங்களை நோக்கித் தலை கவிழ்ந்திருக்கின்றனர். பகலெல்லாம் உழைத்த கழுத்துக்கு இரவு ஒன்றே ஓய்வு. அந்த இரவிலும் அதனை வளைத்து வைப்போமாயின், அது எப்பொழுதுதான் நிமிர்வது?

நிற்க. முற்காலத்தார் தலையணையின் உயரத்தை எதனைக் கொண்டு அளந்தனர் என்று பார்ப்போம்.

எகிப்து தேசத்தார் மரத்தாலும் கல்லாலும் தந்தத்தாலும் செய்த தலைதாங்கிகளைப் பயன்படுத்தினர். கீழே ஒரு பீடம், நடுவே ஒரு தண்டு, மேலே பிறை போன்ற வளைவு. இதுவே அதன் வடிவம். 1922ஆம் ஆண்டில் ஹோவர்டு கார்ட்டர் கண்டெடுத்த துட்டன்காமன் என்னும் இளமன்னனின் கல்லறையில் இத்தகைய தலைதாங்கிகள் சில கிடைத்தன. அவற்றுள் தந்தத்தாலான ஒன்றில், வாயுவுக்குரிய ஷூ என்னும் தெய்வம் இரு சிங்கங்களுக்கிடையே மண்டியிட்டு வளைவைத் தாங்கி நிற்பதாகச் செதுக்கியுள்ளனர். உறங்குபவன் தலையைத் தாங்கத் தெய்வமே வரவேண்டும் என்பது அவர் எண்ணம் போலும்!

சீன தேசத்தில் பீங்கான் தலையணைகள் மலிந்திருந்தன. சுங் வமிசத்தார் ஆண்ட 960 முதல் 1279 வரையிலான காலத்தில் அவை பெருஞ்சிறப்புற்றன. வெயிற் காலத்திற் குளிர்ச்சி தரும் என்பது அவற்றின் புகழ். அக்காலத்தவரே சிமா குவாங் என்னும் சரித்திராசிரியர். சீனப் பேரரசுகளின் வரலாற்றை 1084ஆம் ஆண்டில் எழுதி முடித்த பெரியார் அவர். உருண்டையான மரக்கட்டை ஒன்றைத் தலைக்கு வைத்துப் படுப்பாராம். சற்று அசைந்தால் கட்டை உருளும், விழிப்பு வரும், எழுந்து ஏட்டைக் கையில் எடுப்பார். கல்விக்கு அது நன்று. கழுத்துக்கு நன்றென்று நாம் சொல்லமாட்டோம்.

ஜப்பான் தேசத்துக் கதையோ இன்றும் நமக்குப் பாடமாவது. 1603 முதல் 1868 வரை ஷோகுன்கள் என்னும் படைத்தலைவர் அங்கு ஆண்டனர். அக்காலத்து ஆடவர் உச்சிக் குடுமி முடிந்தனர். பெண்டிர் மெழுகும் எண்ணெயும் இட்டுக் கோபுரம் போற் கூந்தல் புனைந்தனர். ஒரு முறை புனைந்த கூந்தல் பல நாள் கலையாதிருத்தல் வேண்டும். ஆகவே தலை தரையிற் படாதபடி உயர்ந்த தலையணையைக் கழுத்துக்குக் கீழே கொடுத்துப் படுத்தனர். கூந்தலைக் காப்பதற்காகக் கழுத்தை வருத்தினர். 12 சென்டிமீட்டர் உயரம் சுகம் தரும், 9 சென்டிமீட்டரே ஆயுள் தரும் என்று அக்காலத்து நூல்கள் சில எழுதி வைத்துள்ளன. சுகம் வேறு, நலம் வேறு என்று அவர்கள் பிரித்தறிந்தது நோக்கத்தக்கது.

அந்தப் பழஞ்சொல்லைப் புதிய மருத்துவம் சோதித்துப் பார்த்தது. ஓசாகா மாநிலத்துத் தேசிய மூளை இதய நோய் மருத்துவ மையத்தார் 2024ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். கழுத்தெலும்புகளின் ஊடே மூளைக்கு ஏறும் இரத்தக் குழாய், அடிபடாமலே உட்சுவர் கிழிந்து பக்கவாதம் விளைப்பதுண்டு. அந்நோயுற்ற 53 பேரையும், வயதாலும் பாலாலும் ஒத்த வேறு 53 நோயாளரையும் ஒப்பிட்டனர். 12 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் உயர்ந்த தலையணை வைத்தவர் முதற் கூட்டத்தில் நூற்றுக்கு 34. இரண்டாங் கூட்டத்தில் நூற்றுக்கு 15. தலையணை கடினமாயின் இத்தொடர்பு மேலும் வலுத்தது. ‘ஷோகுன் தலையணை நோய்’ என்று அதற்குப் பெயரிட்டனர். ஆராயப்பட்டோர் தொகை சிறியது. உயரமே காரணம் என்று அறுதியிட இது போதாது. ஆயினும் எச்சரிக்கை கொள்வதற்குப் போதும்.

இனித் தமிழகத்தை நோக்குவோம். நக்கீரர் பாடிய நெடுநல்வாடையில், பாண்டிமாதேவியின் கட்டிலுக்கு யானைத் தந்தம் காலாகவும், அன்னத்தின் தூவி அணையாகவும் அமைந்ததைக் காண்கின்றோம். பஞ்சணையும் தூவியணையும் அரண்மனைக்கு உரியவாயிருந்தன. ஆனால் உறக்கத்திற்கு அரசும் வணங்கும் என்பதைக் காட்டும் செய்தி புறநானூற்றின் 50ஆம் பாட்டில் உளது. மோசிகீரனார் என்னும் புலவர் வழிநடந்த களைப்பால் வந்து, நீராடச் சென்ற முரசின் வெறுங்கட்டிலில் ஏறி உறங்கிவிட்டார். முரசு கட்டிலில் ஏறியவனை வாளால் வெட்டுவது அக்கால வழக்கம். சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறையோ வெட்டாமல் நின்று கவரி வீசினான். களைத்த உடம்பின் உரிமை அரச மதிப்பினும் பெரிது என்பதை அவன் உணர்ந்தான்.

நம் மலாக்காவின் கதை என்ன? போர்த்துக்கீசரை வென்று ஒல்லாந்தர் 1641ஆம் ஆண்டில் இந்நகரைப் பிடித்தனர். 1824ஆம் ஆண்டு உடன்படிக்கைப்படி அடுத்த ஆண்டில் ஆங்கிலேயரிடம் ஒப்புவித்தனர். அணைத்துப் படுக்கும் நீண்ட உருளைத் தலையணையை ஆங்கிலேயர் ‘ஒல்லாந்து மனைவி’ என்று கேலி செய்தனர். மலாய்க்காரர் அதனைப் பந்தால் பெலோக் என்பர். கேலி கிடக்கட்டும்; ஒருக்களித்துப் படுப்பவர் அதனை முழங்கால்களின் நடுவே வைத்தால் இடுப்பும் முதுகும் முறுக்காமல் நேர்படும் என்பது மெய். மலாய்க்காரரும் பாபா சீனரும் மண மஞ்சத்துத் தலையணைகளின் இரு முனைகளிலும் வெள்ளித் தகடும் பொன்முலாம் பூசிய தகடும் பதித்து அழகு செய்தனர். அங்கும் தலையணை செல்வத்தைக் காட்டிற்று, கழுத்தைக் கேட்கவில்லை.

ஏழைக்கு வாய்த்தது இலவம் பஞ்சு. மலாய்க்காரர் அதனைக் கெக்காபு என்பர். அந்நார் உள்ளே குழாய் போன்றது. மெழுகுத் தன்மையால் நீரை ஏற்காதது. நூலாக நூற்க வாராதது. ஆகையால் மெத்தைக்கும் தலையணைக்குமே அது பயன்பட்டது. அதன் குணம் ஒன்றை நாம் மறத்தல் ஆகாது. புதிதாய் அடைத்த தலையணை கல் போல் உயர்ந்து நிற்கும். நாளடைவில் அழுந்தி அப்பளம் போலாகும். முதலில் மிகுதி, பின்னர் குறைவு. இடையில் உள்ள சில மாதங்களே அது நம் கழுத்துக்கு இசைந்தது.

இலவு காத்த கிளியின் கதையை நாம் எல்லோரும் அறிவோம். அக்கதை நம் தோட்டங்களில் வேறு வகையாய் நடந்தது. 1896ஆம் ஆண்டில் தான் சே யான் என்னும் சீன வணிகர் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பரை வாணிபப் பயிராய் நட்டார். மலாயாவில் அதுவே முதல் முயற்சி. ரப்பர்க் காடுகள் பரவின. தென்னிந்தியாவிலிருந்து நம் முன்னோர் கப்பலேறினர். 1929ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் டன்லப் கம்பெனியைச் சேர்ந்த ஈ. ஏ. மர்பி என்பவர், ரப்பர்ப் பாலை முட்டை அடிப்பது போல் அடித்து நுரைக்கச் செய்து, அச்சில் வார்த்து, சூட்டில் உறையவைக்கும் வழி கண்டார். அதிலிருந்தே மெத்தென்ற ரப்பர் மெத்தையும் தலையணையும் பிறந்தன. அமோனியா கலந்து கெடாமற் காத்த பால் தோட்டங்களிலிருந்து கடல் கடந்தது. சீமையில் அது தலையணை ஆயிற்று. அழுத்தினால் தாழ்ந்து, விட்டால் பழைய உயரத்துக்கே மீளும் தலையணை அதற்கு முன் உலகத்தில் அரிது.

அந்தப் பாலை விடியுமுன் எழுந்து எடுத்து, காண்டா கம்பின் இரு முனையிலும் வாளி தொங்கத் தோளில் சுமந்தவன் இரவில் எதன்மேல் தலை வைத்தான்? லயத்தின் பலகைத் தரையில் பாயை விரித்து, மடித்த வேட்டியையோ மணைக் கட்டையையோ தன் முழங்கையையோ வைத்துப் படுத்தான். உலகத்துக் கழுத்தையெல்லாம் தாங்கும் பாலை அவன் கொடுத்தான். அவன் கழுத்தைத் தாங்க ஒன்றுமில்லை. இன்று அந்த நிலை மாறிற்று. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்கள் பல வீடமைப்பு மனைகளாயின. பிள்ளைகள் நகரத்தில் குடியேறினர். கடையில் நூறு வகைத் தலையணைகள் கிடைக்கின்றன. இன்மையால் வந்த துன்பம் நீங்கிற்று. அறியாமையால் வரும் துன்பம் எஞ்சி நிற்கின்றது. விருந்தினர் முன்னிலையில் இரண்டு மூன்று தலையணைகளை அடுக்குவதைப் பெருமை என்று கருதுவோர் இன்னும் உளர். துட்டன்காமன் காலத்து எண்ணம் நம் கூடத்திலும் குடியிருக்கின்றது!

ஆகவே அளவை அறிவோம். மனிதன் கழுத்தில் 7 எலும்புகள் உண்டு. அவை நேர்கோடாய் நில்லாது முன்புறமாய் மெல்ல வளைந்துள்ளன. ஏறக்குறைய 5 கிலோ எடையுள்ள தலையை அவை தாங்குகின்றன. நிமிர்ந்து நிற்கும்போது அவ்வளைவு எப்படியோ, படுக்கும்போதும் அப்படியே இருக்கச் செய்வதுதான் தலையணையின் வேலை. தலையைத் தூக்குவது அதன் வேலை அன்று.

மல்லாந்து படுப்பவருக்குத் தாழ்ந்த தலையணை வேண்டும். ஆய்வாளர் பலர் கூறும் அளவு 7 முதல் 11 சென்டிமீட்டர். முகவாய் நெஞ்சில் இடித்தால் உயரம் அதிகம். முகவாய் வானை நோக்கினால் உயரம் குறைவு. ஒருக்களித்துப் படுப்பவருக்குக் காதுக்கும் தோள் முனைக்கும் இடையிலுள்ள வெளியைத் தலையணை நிரப்புதல் வேண்டும். ஆகவே அகன்ற தோளினர்க்கு உயரம் கூடும், ஒடுங்கிய தோளினர்க்குக் குறையும். கணவனுக்கு ஏற்றது மனைவிக்கு ஏற்காது. குப்புறப் படுப்பது கழுத்தை இரவெல்லாம் ஒரு பக்கம் திருகி வைப்பதாகும். அதனை விடுவதே நன்று.

படுக்கையையும் கணக்கிற் சேர்க்க வேண்டும். பாயில் படுத்தால் தோள் அமிழாது. தலையணை சற்று உயரலாம். மெத்தையில் தோள் அமிழும். அங்கே தலையணை தாழவேண்டும். பாயிலிருந்து மெத்தைக்கு மாறியும் பழைய தலையணையை விடாதிருப்பவர்க்குக் கழுத்து வலிப்பதில் வியப்பில்லை.

பெருஞ்செலவு வேண்டா. ஒரு தாழ்ந்த தலையணையும் நான்கு துண்டுகளும் போதும். துண்டை மடித்து ஒவ்வொன்றாய்க் கீழே கொடுங்கள். ஒருக்களித்துப் படுத்து, வீட்டில் ஒருவரைப் பின்னிருந்து பார்க்கச் சொல்லுங்கள். தலையின் நடுவும் முதுகெலும்பும் ஒரே கோட்டில் வருமாயின் அதுவே உங்கள் உயரம். ஒரு வாரம் அவ்வாறு உறங்கிக் காலையில் கழுத்து என்ன சொல்கின்றது என்று கேளுங்கள். தலை அழுந்திய பின் நிற்கும் உயரமே கணக்கு. கடையிற் காணும் உயரம் அன்று. ஒரு வயது நிரம்பாக் குழந்தைக்குத் தலையணையே கூடாது. கை மரத்தாலும், வலி வாரக் கணக்காய் நீடித்தாலும் தைலத்தோடு நில்லாது வைத்தியரைக் காணுங்கள். திடீரெனப் பொறுக்கவொண்ணாத கழுத்துவலியோ தலைசுற்றலோ வந்தால் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

அரியணைக்கு உரியவன் எவன் என்று தீர்ப்பதற்கு நாடுகள் குருதி சிந்தின. தலையணைக்கு உரிய உயரம் எது என்பதற்கு நான்கு துண்டுகளும் ஒரு வாரப் பொறுமையும் போதும். நம் முன்னோர்க்கு அந்த ஓய்வு வாய்க்கவில்லை. நமக்கு வாய்த்திருக்கின்றது, இன்றிரவே அளந்து பாருங்கள்.