வஜா முதல் வங்கிக் கணக்கு வரை: பயிர் நிவாரணமும் பயனாளிப் பட்டியலும்

பயிர் அழிந்தால் அரசு பணம் தரும் என்பது அண்மைக்கால வழக்கம். சென்னை மாகாணத்தின் ரயத்துவாரி விவசாயிக்குக் கிடைத்ததெல்லாம் தீர்வை வஜாதான்; கட்ட வேண்டிய வரியில் ஒரு கழிவு, அவ்வளவே. 1876-78 பஞ்சத்துக்குப் பின் ரிச்சர்ட் ஸ்ட்ரேச்சி தலைமையிலான ஆணையம் 1880இல் அறிக்கை தந்தது. அதையொட்டி எழுந்த பஞ்ச விதித்தொகுப்புகளும் கூலி வேலை, இயலாதோருக்கு இலவச உதவி, வரிக் கழிவு, தக்காவிக் கடன் என்ற வரம்பைத் தாண்டவில்லை. ஆனால் ஒன்று: வஜா கிராமக் கணக்கில் ஏறியது, ரயத்துகளும் வந்து கூடும் ஜமாபந்தியில் அந்தக் கணக்கு முடிக்கப்பட்டது. யாருக்கு எவ்வளவு கழிந்தது என்பது ஊருக்குத் தெரியாமல் போக வழி குறைவு.

ரொக்க நிவாரணம் நிலைபெற்றது, ஒன்பதாவது நிதிக்குழுவின் பரிந்துரைப்படி 1990இல் பேரிடர் நிவாரண நிதி உருவான பிறகே. 2005இன் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்கீழ் 2010இல் அது மாநிலப் பேரிடர் மீட்பு நிதியாயிற்று. இடுபொருள் மானியம் பெற 50 விழுக்காடு சேதம் வேண்டும் என்றிருந்த விதி 2015இல் 33 ஆகத் தளர்ந்தது. 2022இல் ஹெக்டேருக்கு மானாவாரிக்கு 8,500 ரூபாய், பாசன நிலத்துக்கு 17,000 ரூபாய், இரண்டு ஹெக்டேர் வரை என்று விதிக்கப்பட்டது.

வெளிப்படைத்தன்மையின் வரலாறு வேறு பாதையில் வந்தது. 1994இல் ராஜஸ்தானின் கோட் கிரானாவில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்னும் தொழிலாளர்-விவசாயி அமைப்பு நடத்திய மக்கள் விசாரணையில் அரசுப் பணிகளின் கணக்கு ஊரார் முன் வாசிக்கப்பட்டது. தமிழ்நாடு 1997இலேயே தகவல் உரிமைச் சட்டம் கொண்டுவந்தது. விதிவிலக்குகள் மலிந்த சட்டம். 2005இன் மத்தியச் சட்டமோ, மானியத் திட்டங்களின் பயனாளி விவரங்களை யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும் என்று பிரிவு 4இல் சொல்கிறது. நடைமுறையில் பெரும்பாலும் மனுப் போட்டால்தான் பட்டியல் அசைகிறது.

பட்டியல் பிறக்கும் இடம் அடங்கல் என்னும் கிராமப் பயிர்க் கணக்கு. சர்வே எண், பரப்பு, பயிர் ஆகியவற்றைக் கிராம நிர்வாக அலுவலர் பசலிதோறும் பதிகிறார். சேதம் வந்தால் வருவாய்த்துறையும் வேளாண்துறையும் கூட்டாகக் கணக்கெடுக்கின்றன. 1969இல் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம் வந்த பிறகும் வாய்மொழிக் குத்தகை ஒழியவில்லை. அதனால் நட்டவர் ஒருவர், நில உரிமைக் கணக்கான சிட்டாவில் இருப்பவர் வேறொருவர். பணம் போவது பெரும்பாலும் சிட்டாக்காரருக்கே. 2018 நவம்பர் 16 கஜா புயலுக்குப் பின் தென்னைக்கு மரம் ஒன்றுக்கு 1,100 ரூபாய், ஹெக்டேருக்கு 175 மரம் என்று கணக்கிட்டார்கள். ஒரு தோப்பில் எத்தனை மரம் நின்றது, எத்தனை சாய்ந்தது என்பதைப் பக்கத்துத் தோப்புக்காரரைவிட நன்றாக எந்தத் தணிக்கையாளரும் சொல்லிவிட முடியாது. பட்டியலைப் பூட்டிவைத்தால் அந்தச் சாட்சியம்தான் முதலில் வீணாகிறது.

வங்கிக்கு நேரே பணம் போவதால் இடைத்தரகு ஒழிந்தது என்பார்கள். பாதி உண்மை. பேரிடர் நிவாரணம் அல்ல எனினும், 2020இல் பி.எம். கிசான் திட்டத்தில் தமிழ்நாட்டில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட தகுதியற்றோர் சேர்க்கப்பட்டு சுமார் 110 கோடி ரூபாய் போனது நினைவிருக்கலாம். அந்தப் பணமும் நேரே வங்கிக்குத்தான் போயிற்று.

2023இன் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தகவல் உரிமைச் சட்டத்தின் பிரிவு 8(1)(ஒ)வைத் திருத்தி, தனிநபர் தகவல் அனைத்தையும் விலக்குக்குள் கொண்டுவந்தது. பொதுநலன் மேலோங்கினால் தரலாம் என்னும் 8(2) நீடிக்கிறது. ஆனால் அதை நிறுவும் சுமை நடைமுறையில் கேட்பவர் தலையில் விழக்கூடும். பொதுப்பணத்தில் தரப்படும் நிவாரணத்தை அந்தரங்கம் என்பது என் பார்வையில் பிழையான வாசிப்பு. வங்கிக் கணக்கு எண்ணும் ஆதாரும் யாருக்கும் வேண்டாம். பெயர், சர்வே எண், பரப்பு, சேத விழுக்காடு, தொகை ஆகிய ஐந்தும் பணம் போடுமுன் கிராம சபையில் வாசிக்கப்பட வேண்டும். அந்தப் பட்டியலில் குத்தகைதாரருக்கும் ஒரு கட்டம் வேண்டும்.