மெனாலியின் இடக்கை: இசைப்பெண் ஒருத்தியின் பக்குவம் பற்றிய ஓர் ஆராய்ச்சி

இளங்கலைஞன் ஒருவன் உலக அனுபவத்தில் அடிபட்டுத் தேறித் தன் கலைக்கு உரியவனாகும் வரலாற்றைச் சொல்லும் நாவல்கள் ஐரோப்பிய இலக்கியத்தில் ஒரு தனி மரபாகவே வேரூன்றியிருக்கின்றன. 1795-96ஆம் ஆண்டுகளில் வெளிவந்த கேதேயின் வில்ஹெல்ம் மைஸ்டர், நாடகக் கனவோடு வீட்டை விட்டுப் புறப்பட்டு, தான் பிறவி நடிகனல்லன் என்று தெளிந்து, சமூகத்துக்குள் ஒரு பயனுள்ள மனிதனாக வந்து சேர்கிறான். 1916இல் நூலுருப் பெற்ற ஜேம்ஸ் ஜாய்ஸின் நாவலில் வரும் ஸ்டீவனோ குடும்பம், சமயம், தேசம் என்ற மூன்று பந்தங்களையும் உதறிவிட்டுக் கலையைத் தேடி அயல்நாட்டுக்குப் பயணமாகிறான். ஒருவன் சமூகத்தைப் பெறுவதற்காகக் கலையை விடுகிறான், மற்றவன் கலையைப் பெறுவதற்காகச் சமூகத்தை விடுகிறான் என்று இவ்விரு துருவங்களையும் வகுத்துக்கொண்டால், இரண்டையும் ஒருங்கே பெறுகின்ற ஒரு கலைஞருக்கு இம்மரபில் இடமுண்டா என்ற வினா தானே எழும். அந்த வினாவுக்கு மிகத் தீர்க்கமான விடையொன்றை, பெரும் இலக்கியமென்று பலரும் எண்ணாத ஒரு மூலையில், சிறுவர்க்கென எழுதப்பட்ட இரண்டு நாவல்களில், ஆன் மெக்காஃப்ரி அளித்திருக்கிறார் என்பதே இக்கட்டுரையின் துணிபு.

1926இல் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரில் பிறந்து, ராட்கிளிஃப் கல்லூரியில் ஸ்லாவிய மொழிகளையும் அவற்றின் இலக்கியத்தையும் பயின்று 1947இல் பட்டம் பெற்ற மெக்காஃப்ரி, எழுத்துலகுக்கு வருமுன்பே வாய்ப்பாட்டைச் சிரத்தையாகப் பயின்றவர். இசை நாடகங்களை மேடையேற்றுவதிலும் பழக்கமுள்ளவர். புனைகதைக்காக ஹியூகோ விருது பெற்ற முதற்பெண் என்ற பெருமை 1968இல் அவருக்குக் கிடைத்தது. 1970இல் அயர்லாந்தில் குடியேறிய பின், இளம் வாசகர்களுக்காக 1976இல் ‘டிராகன்சாங்’ என்ற நாவலையும், அதன் நேர்த்தொடர்ச்சியாக 1977இல் ‘டிராகன்சிங்கர்’ என்ற நாவலையும் வெளியிட்டார். தம்முடைய பெர்ன் உலகக் கதைகள் விஞ்ஞானப் புனைவுகளே என்று ஆசிரியை கடைசிவரை வாதாடி வந்தார். பெர்ன் மக்கள் பூமியிலிருந்து சென்று குடியேறியவர்களின் சந்ததியார் என்பதும் உண்மையே. ஆயினும் டிராகன்களும் கற்கோட்டைகளும் யாழேந்திய பாடகர்களும் நிறைந்த அவ்வுலகத்தை வாசகர்கள் மாயப் புனைவாகவே அனுபவித்து வந்திருக்கிறார்கள். இவ்விஷயத்தில் நான் வாசகர் பக்கம்.

பெர்ன் உலகத்தில் இசைக்கு உள்ள ஸ்தானத்தை முதலில் அறிந்துகொள்ளாவிட்டால் கதாநாயகியின் துன்பமும் விளங்காது, விடுதலையும் விளங்காது. செந்நிறக் கோள் ஒன்று நெருங்கி வரும் காலங்களில் வானிலிருந்து வெள்ளியிழைபோல் ஒரு நாசகாரப் பொருள் பொழிகிறது. தொட்ட உயிரையெல்லாம் அது தின்றுவிடும். நெருப்பை உமிழும் டிராகன்கள் அதை வானிலேயே எரிக்கின்றன. இழை விழாத இடைவெளிக் காலம் தலைமுறைக் கணக்கில் நீள்வதால், ஆபத்தின் நினைவும் தற்காப்பின் விதிகளும் டிராகன் வீரர்களுக்குச் செலுத்தவேண்டிய கடமைகளும் மறந்துபோகாமல் காக்கப்பட வேண்டும்; அக்காரியத்தை மேற்கொண்டவர்கள் ஹார்ப்பர்கள். அவர்கள் ஊர்தோறும் அமர்ந்து குழந்தைகளுக்குப் பாடல்களின் வாயிலாகவே சட்டத்தையும் சரித்திரத்தையும் போதிக்கிறார்கள்; செய்தி கொண்டுசெல்கிறார்கள். நம்முடைய சங்ககாலப் பாணனைப்போல் வள்ளலின் வாயிலை நாடிச் சென்று பரிசில் பெறுபவனாக ஹார்ப்பரை எண்ணிவிடக் கூடாது. அவர் ஒரு தலைமை நிலையத்தில் பயிற்சி பெற்று, அந்நிலையத்தால் அனுப்பப்பட்டு, அந்நிலையத்துக்குப் பொறுப்புக் கூறும் ஊழியர். இசை அங்கே நீர்ப்பாசனத்தையும் மீன்பிடித்தலையும்போல் சமூகம் உயிர் தரித்திருப்பதற்கு வேண்டிய ஒரு வேலை.

இத்தகைய உலகத்தில், அரைவட்டக் கடற்கோட்டை என்னும் மீனவர் குடியிருப்பின் தலைவரான யானஸ் என்பவருக்கு மகளாகப் பிறக்கிறாள் மெனாலி. நாவல் தொடங்கும்போதே அவ்வூர் ஹார்ப்பரான முதியவர் பெட்டிரன் இறந்துவிட்டார். அவர் தம் அந்திமக் காலத்தில் அச்சிறுமிக்குத் தம் வித்தையனைத்தையும் கற்பித்திருந்ததோடு, அவள் இயற்றிய பாடல்கள் இரண்டைத் தலைமை ஹார்ப்பரான ராபின்டனுக்கு அனுப்பியும் வைத்திருந்தார்; இயற்றியவர் ஒரு பெண் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார். புதிய ஹார்ப்பர் வரும்வரை பிள்ளைகளுக்குப் பாடஞ்சொல்ல வேறு ஆளில்லாத காரணத்தால் தந்தை அவளையே நியமிக்கிறார். ஆனால் தன் சொந்த மெட்டு ஒன்றை அவள் மீட்டிக்கொண்டிருந்ததைக் கேட்டபோது இடைவாரால் அடித்து நொறுக்குகிறார். இங்கே ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. யானஸ் இசைக்குப் பகைவர் அல்லர். பழம்பாடல்களைப் பக்தியோடு போற்றுகிறவர். பழையதைப் பிழையின்றிப் பாடுவது கடமை, புதியதை ஆக்குவது ஆணவம், அதுவும் ஒரு பெண் ஆக்குவது குடிக்கு அவமானம் என்பதே அவருடைய சித்தாந்தம். புதிய ஹார்ப்பர் எல்ஜியன் வந்து, பிள்ளைகளை இவ்வளவு செம்மையாகப் பயிற்றியவர் யார் என்று விசாரிக்கும்போது, வளர்ப்புப் பிள்ளை ஒருவன் இருந்தான், தன் ஊருக்குப் போய்விட்டான் என்று ஊரே ஒருமுகமாகப் பொய் சொல்கிறது.

ஆகவே மெனாலி ஆரம்பத்திலேயே வித்தையில் நிறைவு பெற்றவள். வழக்கமான கலைஞர் நாவல் எதை வளர்த்துக் காட்டுமோ, அந்தத் திறமை இங்கே முதற்பக்கத்திலேயே முடிந்த காரியமாக இருக்கிறது. அப்படியானால் இரண்டு நாவல்களின் நெடுகிலும் அவளிடத்தில் வளர்வது யாது?

விடை அவளுடைய இடக்கையில் இருக்கிறது. பொதிவால் என்று சொல்லத்தக்க ஒருவகை மீன் பெருவாரியாக அகப்பட்ட ஒரு நாளில், பெண்கள் கூடியமர்ந்து குடல் களைந்து கொண்டிருக்கும்போது, கத்தி வழுக்கி அவள் உள்ளங்கையை நீளக் கிழித்துவிடுகிறது. அம்மீனின் வழவழப்பான கழிவு விஷத்தன்மையுள்ளதாதலால் காயம் புரையோடுகிறது. தாய் மேவி அவ்வூரின் மருத்துவச்சி. அவளே மருந்திட்டு உயிரைக் காப்பாற்றுகிறாள். ஆனால் வடு சுருங்கி விரல்கள் விரியாதபடி கையை ஆறவிட்டு, இனி நரம்புக் கருவியை நீ மீட்டவே முடியாது என்றும் சொல்லிவிடுகிறாள். இரண்டாம் நாவலில் ஹார்ப்பர்களின் தலைமை நிலையமான ஹார்ப்பர் மன்றத்து மருத்துவரான ஓல்டைவ் அதே வடுவைப் பரிசோதித்து, பயிற்சியாலும் தைலத்தாலும் இக்கையைப் பெரிதும் மீட்டுவிடலாம் என்கிறார். அப்படியானால் கைதேர்ந்த மருத்துவச்சியான தாய் அதை அறியாமலா இருந்தாள்? வேண்டுமென்றேதான் விட்டாளா? ஆசிரியை திட்டமாக விடை கூறவில்லை. கூறாமல் விட்டதே இந்நாவலின் மிக முதிர்ந்த இடம் என்பது என் அபிப்பிராயம். தந்தையின் அடி கோபத்தில் நேர்ந்தது. அடுத்த வாரம் தழும்பு மறைந்துவிடும். தாயின் சிகிச்சையோ அன்பும் கவனமும் நிறைந்தது. அதன் விளைவு நிரந்தரமாக இருந்திருக்கக்கூடும். கலையை ஒடுக்கும் சமூகம் எப்போதும் தடியெடுத்தே வருவதில்லை என்பதை இவ்வளவு சிக்கனமாகச் சொன்ன இளையோர் நாவல் வேறொன்றை நான் படித்ததில்லை.

இதன்பின் அவள் வீட்டை விட்டோடிக் கடற்கரைக் குகையொன்றில் வாழ்வதும், கடல் பொங்கி அழிக்கவிருந்த முட்டைகளைத் டிராகன்களின் குட்டி வடிவமான தீப்பல்லிகளின் அரசிக்காகக் காப்பாற்றுவதும், அவை பொரிந்து வெளிவரும் வேளையில் வெளியே இழை பொழிய, குஞ்சுகள் பறந்து சென்று மாளாதபடி உணவூட்டப் போய், தன்னையறியாமலே ஒன்பது குஞ்சுகளுக்கு அன்னையாகிவிடுவதும் அனைவரும் ரசிக்கும் பகுதிகள். ஒன்பது என்பது கொஞ்சம் தாராளந்தான். பெரிய தலைவர்களே ஒன்றிரண்டுக்கு ஏங்கும் உலகத்தில் ஒரு மீனவச் சிறுமிக்கு ஒன்பது என்றால், ஆசிரியையின் வாத்ஸல்யம் கணக்கை மீறிவிட்டது என்றே சொல்ல வேண்டும். ஆனால் இந்த இனிப்பின் அடியில் ஆசிரியை ஒரு காரியத்தைச் சாதித்துக்கொள்கிறார். குகையில் அவள் நாணல்களை அறுத்துத் தானே குழல்கள் செய்கிறாள். அந்தக் கையால் வாசிக்கக்கூடிய வாத்தியம் அது. அவள் பாடும்போது தீப்பல்லிகள் கூடவே குரலெழுப்புகின்றன. தண்டனைக்குரிய ரகசியமாகவே இதுவரை பாடி வந்தவளுக்கு, பிறர் கேட்கப் பாடுவது குற்றமாகாத முதல் அனுபவம் இதுவே. பின்னர் ஒருநாள் இழைப்பொழிவில் வெட்டவெளியில் அகப்பட்டு, பாதம் கிழிய ஓடி, டிராகன் வீரன் ஒருவனால் காப்பாற்றப்பட்டு, பெண்களும் மதிப்போடு நடத்தப்படும் பெண்டன் வெயர் என்ற டிராகன் வீரர் குடியிருப்பை அடைகிறாள். அங்கே ராபின்டன் தாம் தேடிய இசையமைப்பாளர் இவளே என்று கண்டுகொள்ளும் இடத்தில் முதல் நாவல் முடிகிறது.

சிண்டரெல்லா கதைக்குப் புதிய உடை தைத்திருக்கிறார் என்று இந்நூலைத் தள்ளிவிடுகிறவர்களுக்கு முதல் நாவல் இடங்கொடுக்கிறது. இரண்டாம் நாவலையும் சேர்த்துப் படித்தவர்கள் அவ்வாறு சொல்வதற்கில்லை. சிண்டரெல்லாவின் கதை அரண்மனை வாயிலில் முடிந்துவிடும். இங்கே வாயிலைக் கடந்த பிறகுதான் பரீட்சை ஆரம்பமாகிறது. ‘டிராகன்சிங்கர்’ ஹார்ப்பர் மன்றத்தில் ஏறக்குறைய ஒரு வாரத்தில் நிகழ்கிறது. அந்த வாரத்தின் பெரும்பகுதி வகுப்பறைகளிலும் உணவுக்கூடத்திலும் கழிகிறது. இசையமைப்பில் வல்லவரான டாமிக் முதல் நாட்காலையிலேயே அவள் கையில் வாத்தியத்தைக் கொடுத்து வாசிக்கச் சொல்கிறார். வடு இழுத்து வலிக்க வலிக்க அவள் வாசிக்கிறாள். வாத்தியம் செய்வதில் தேர்ந்த ஜெரின்ட், குரற்பயிற்சி தரும் ஷோனகர் என்று ஒவ்வொருவராக அவளைப் பரீட்சித்து, பெட்டிரன் எவ்வளவு ஆழமாகக் கற்பித்திருக்கிறார் என்று வியக்கிறார்கள். அவளோ ஒவ்வொரு கேள்விக்கும் அடியை எதிர்பார்த்தே விடை சொல்கிறாள். தெரிந்ததைத் தெரியுமென்று சொல்லக் கற்பதே அவ்வாரம் முழுவதும் அவள் பயிலும் பாடம். அது சங்கீதத்தைவிடக் கடினமாயிருக்கிறது.

இக்கட்டத்தில் டாமிக்கின் இசைக்கும் அவளுடைய இசைக்கும் ராபின்டன் காட்டும் வேறுபாடு நாவலின் கருத்தோட்டத்துக்கு அச்சாணி. டாமிக்கின் சிருஷ்டிகள் நுட்பம் மிகுந்தவை. பயின்ற செவிகளுக்கே உரியவை. மெனாலியின் பாடல்கள் ஒருமுறை கேட்டவுடன் நாவில் ஒட்டிக்கொள்பவை. பெர்னில் பழைய சம்பிரதாயங்கள் தளர்ந்து புதிய எண்ணங்கள் பரவவேண்டிய தருணம் அது. மக்கள் வாயில் வழங்கக்கூடிய புதுப்பாடல்கள் ராபின்டனுக்கு உடனே வேண்டியிருக்கின்றன. செந்நிறக் கோளை நோக்கிப் பறந்து மரணத்தின் வாயிலைத் தொட்ட வீரனையும் டிராகனையும் தன் அழைப்பினால் மீட்ட ப்ரெக்கி என்ற பெண்ணைப் பற்றி மெனாலி பாடல் இயற்றுகிறாள். அச்சம்பவம் 1971இல் வெளிவந்த ‘டிராகன்க்வெஸ்ட்’ நாவலின் உச்சக் கட்டமாகும். ஒரு நாவலில் வீரச்செயலாக இருந்தது மற்றொன்றில் வேலைக்குரிய கச்சாப்பொருளாக மாறுகிறது. அவ்வேலையைச் செய்பவள் மெனாலி. எந்தப் பழக்கத்துக்காகத் தந்தை அடித்தாரோ, அதுவே இங்கே மன்றம் அவளிடம் எதிர்பார்க்கும் கடமையாகிவிடுகிறது. வாரக் கடைசியில் அவளுக்கு வழங்கப்படும் தேர்ச்சியாளர் பதவி பரிசன்று, பொறுப்பு. நான் மேலே எழுப்பிய வினாவுக்கும் விடை இதுவே: அவளிடத்தில் வளர்வது அதிகாரம், அதாவது இதைச் செய்ய நான் உரியவள் என்ற நிச்சயம்.

மாயப் புனைவுத் துறையில் மிகப் பிரசித்தி பெற்ற மற்றோர் இசையிளைஞன், 2007இல் பாட்ரிக் ராத்ஃபஸ் எழுதிய ‘தி நேம் ஆஃப் த விண்ட்’ நாவலின் க்வோத். பெற்றோரை இழந்து காட்டில் தனித்துத் திரிந்தபோது லூட் என்னும் வாத்தியத்தின் நரம்புகள் ஒவ்வொன்றாக அறுந்தும் எஞ்சியவற்றில் வாசித்தவன்; பிற்காலத்தில் இயோலியன் என்ற அரங்கில் வெள்ளிக்குழல் விருதுக்காகப் பாடும்போது நரம்பு அறுந்தும் பாடலை முடித்தே தீர்ப்பவன். அந்த அரங்கக் காட்சிக்கு ஈடான வேகம் மெக்காஃப்ரியிடம் இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அங்கே அறுவது கருவியின் நரம்பு; இங்கே கிழிவது கை. நரம்பறுந்த கருவியில் வாசிப்பவனைச் சபை கரகோஷம் செய்து கொண்டாடும். கிழிந்த கையை நாள்தோறும் தைலமிட்டு நீவி விரிக்கும் பெண்ணுக்குக் கரகோஷம் கிடையாது. க்வோத்தின் இசை அவனுடைய மேன்மையை நிலைநாட்டுகிறது. மெனாலியின் இசை அவளை ஒரு கூட்டத்தில் ஒருத்தியாக்குகிறது. பக்குவம் என்ற சொல்லுக்கு இரண்டாவதே நெருக்கமானது.

குறைகளும் இல்லாமலில்லை. மன்றத்தில் கட்டணம் செலுத்திப் பயிலும் செல்வப்பெண்களின் பொறாமை மிக மெல்லிய அட்டைச் சித்திரமாக நின்றுவிடுகிறது. தாயும் தந்தையும் இரண்டாம் நாவலில் கணக்குத் தீர்க்கப்படாமலே மறைகிறார்கள். ஒரு வாரத்தில் இவ்வளவும் நடந்துவிடுமா என்ற சந்தேகமும் நியாயமானதே.

ஆயினும் ஆசிரியை கலைவாழ்வை இன்பக் கனவாக மட்டும் கண்டவரல்லர் என்பதற்குப் பிற்கால நூல்கள் சான்று. 1979இல் வெளிவந்த ‘டிராகன்டிரம்ஸ்’ நாவலில், மன்றத்தின் மிகச்சிறந்த இளங்குரலுடைய பியெமூர் என்ற சிறுவன் குரலுடைந்து பாட்டை இழந்து, முரசு ஒலித்துச் செய்தியனுப்பும் பகுதிக்கு மாற்றப்படுகிறான். 1982இல் வந்த ‘கிரிஸ்டல் சிங்கர்’ நாவலின் கில்லஷாண்ட்ரா, பத்தாண்டுப் பயிற்சிக்குப்பின் தன் குரலில் நீங்காத குறையொன்று உண்டென்றும் முதன்மைப் பாடகியாக முடியாதென்றும் தன் இசையாசிரியர் வாயாலேயே கேட்கிறாள். வித்தை நிறைந்திருந்து உரிமை மறுக்கப்பட்டவள் மெனாலி. உரிமை நிறைந்திருந்து வித்தைக்குரிய கருவியையே இழந்தவர்கள் மற்ற இருவர். இம்மூவரையும் அருகருகே வைத்துப் பார்க்கும் ஆராய்ச்சி விரிவாக நடைபெற வேண்டும். அதற்கு முதற்படியாக, ‘டிராகன்சாங்’, ‘டிராகன்சிங்கர்’ என்ற இரண்டையும் தனித்தனி நூல்களாக மதிப்பிடும் வழக்கத்தை விட்டு, இரண்டு பாகங்களுள்ள ஒரே நாவலாகக் கொண்டு கலைஞர் நாவல் மரபில் அதற்குரிய இடத்தை விமர்சகர்கள் வழங்க வேண்டும்.